கலாவதி கேட்ட நிறம்

லோகன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. போகப் போக அவனைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்க வேண்டும் போல இருக்கும். ஈப்போவில் பிறந்து, பொறியியல் படிக்க லண்டனுக்கு வந்து, படிப்பு முடிந்த கையோடு ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து, முப்பது வருடமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருப்பவன். குடி கிடையாது, சூது கிடையாது, ஊர் வம்பு கிடையாது. கோளாறு ஒன்றே ஒன்றுதான், கஞ்சத்தனம். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ரகம். சூப்பர் மார்க்கெட்டில் விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிற நேரம் பார்த்துத்தான் ரொட்டி வாங்கப் போவான்.

அப்பேர்ப்பட்டவன், எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணையில் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்த பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை முழுசாக மூவாயிரம் பவுண்டு கொடுத்து வாங்கி வந்தான் என்றால், ஆசை எவ்வளவு இருந்திருக்க வேண்டும் பாருங்கள். 1942ஆம் வருடத்து வண்டி. உலகப் போரில் பட்டாளத்துக்காகச் செய்தது. போர் முடிந்ததும் யாரோ வாங்கி மேலே கறுப்பு அடித்திருக்கிறார்கள். அந்தக் கறுப்பும் பெயர்ந்து, சொறி பிடித்த நாய் மாதிரி இருந்தது. மனோர் பார்க்கில் அவன் வீட்டுப் பின்தோட்டத்தில் ஒரு கொட்டகை உண்டு. அதில் வண்டியை நிறுத்தி, இரண்டு வருடம் சனி ஞாயிறெல்லாம் என்ஜினைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தான்.

கலாவதி அவன் மனைவி. கல்யாணமாகி நாலு வருடம்தான் ஆகிறது. ஐம்பத்திரண்டு வயது வரை ஒற்றையாய்க் கிடந்தவனுக்கு முருகன் கோவிலில் யாரோ பேசி முடித்த சம்பந்தம். அவள் யாழ்ப்பாணம். 2010 கடைசியில் வந்து, குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஐந்து வருடம் கழித்து விசா கிடைத்தவள். அப்டன் பார்க்கில் ஒரு புடவைக் கடையில் சட்டை தைக்கிறாள். முதல் கணவன் காணாமல் போனவன். அவன் இறந்துவிட்டான் என்று ஒரு தாளை ஊரிலிருந்து எடுப்பித்த பிறகுதான் பதிவுத் திருமணம் நடந்தது. அந்தத் தாளை லோகன் நாலாக மடித்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்தான். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தோண்டித் துருவாத நல்லவன் என்று தன்னைப் பற்றி அவனுக்கே ஒரு பெருமை. கேட்காமல் இருப்பது வேறு, கேட்டால் சுமக்க வேண்டிவருமே என்று பயந்து இருப்பது வேறு. அது அவன் மண்டையில் ஏறவில்லை.

வண்டி வந்த நாளிலிருந்து கலாவதி கொட்டகைப் பக்கம் வரவில்லை. தோட்டத்தில் துணி காயப்போடுவதைக்கூட விட்டுவிட்டாள். தெருவில் சாப்பாடு கொண்டுவருகிற பையன்களின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் ஜன்னலை விட்டு நகர்ந்துவிடுவாள். அவளுக்கு இரைச்சல் பிடிக்காது என்று லோகன் நினைத்துக்கொண்டான். போன குளிர்காலத்தில் ஒருநாள் என்ஜின் முதல் தடவையாக உயிர் பெற்று டப் டப் என்று அதிர்ந்தபோது, சந்தோஷத்தில் 'கலா, கலா' என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். குசினியில் குழாய் திறந்தபடி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மாடியில் குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். வயிறு சரியில்லை என்றாள். சரி, காலையில் சாப்பிட்ட புளித்த தோசையாக இருக்கும் என்று இந்தப் புத்திசாலியும் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தான்.

ஆனால் மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், அவளே தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தாள். லோகனுக்கு ஆச்சரியம். அவள் உள்ளே வந்து, கோப்பையைப் பலகையில் வைத்துவிட்டு, வண்டியின் சீட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். தொட்ட விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள்.

"இதில பின்னுக்கு ஒராள் இருக்கலாமோ?"

"இருக்கலாமே. சீட்டு போட்டுட்டா போச்சு. ஏன், யாரு ஏறப் போறா?"

"வேற ஆர்? நானும் ஒருக்கா ஏறிப் பாக்கவேணும்."

"நீயா? உனக்குத்தான் இதைக் கண்டாலே பயமாச்சே!"

"ஓம், பயம்தான். பயம் எண்டதாலதான் ஏறவேணும் எண்டுறன்." அவள் அவனைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கும் ஐம்பது வயசாகப் போகுது. ரோட்டில ஒரு பைக் போனா நான் இன்னும் கடைக்குள்ள பூந்து நிக்கிறன். இப்பிடியே சாக ஏலாது. உங்கட பைக்கில ஏறினனெண்டா, பிறகு ரோட்டில போறதெல்லாம் உங்கட பைக் மாதிரித்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன்."

லோகனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாலு வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதில்லை. விழுந்துவிடுவோம் என்கிற பயத்தைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

"உங்களிட்ட ஒண்டு கேப்பன், செய்வியளோ?"

"கேளு கலா."

"பெயின்ட் அடிக்கேக்க கத்தரிப்பூ நிறம் அடியுங்கோ."

லோகன் சிரித்துவிட்டான். எண்பது வருடத்துப் பட்டாள வண்டிக்குக் கத்தரிப்பூ நிறம்!

"சிரியாதையுங்கோ. அந்த நிறத்தில உலகத்தில ஒருத்தனும் பைக் வைச்சிருக்கமாட்டான். அதுக்காகத்தான் கேக்கிறன். அப்பிடி எண்டா நான் ஏறுவன். சத்தியமா ஏறுவன்."

"சரி, கத்திரிப்பூவே அடிச்சிடலாம்" என்றான் லோகன். வாக்குக் கொடுத்தான். மே மாதம் முதல் சனிக்கிழமை என்று நாளும் குறித்தார்கள். முதலில் சேர்ச் ரோட்டு முருகன் கோவில் வாசலில் வண்டிச் சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்துவிட்டு, பிறகு நேரே சவுத்தெண்ட் கடற்கரை. அவள் அப்போதே போய் நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டாள்.

வாக்குக் கொடுக்கக் காசு வேண்டாம். பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும்.

பழைய மோட்டார் சைக்கிள்களுக்கென்றே கென்ட் பக்கம் ஓர் இடம் இருந்தது. வண்டியின் படத்தை அனுப்பியதும் ஆயிரத்து நானூறு பவுண்டு என்றார்கள். பழைய பெயின்டை உரிக்க, துருவை எடுக்க, அடிப்பூச்சுக்கு, மேல்பூச்சுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூலி. லோகன் போனை வைத்துவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தான். அடுத்து ரொம்ஃபர்ட் ரோட்டில் கார்களுக்கு அடிக்கிற ஒரு பட்டறை. அங்கே எண்ணூறு, அதுவும் எப்போது முடியும் என்று சொல்லமாட்டார்களாம். ஆனை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த கதையாக, அவன் இரண்டு வாரம் கணக்குப் போட்டான். கடைசியில் கலாவதி வேலைசெய்யும் கடையில் யாரோ சொல்லி நிசாந்தனின் நம்பர் கிடைத்தது.

நிசாந்தனுக்கு நாற்பது வயதிருக்கும். அவனும் யாழ்ப்பாணம். வாரநாளில் ஒரு பட்டறையில் சம்பளத்துக்கு அடிக்கிறவன். சனி ஞாயிறில் ஃபொரஸ்ட் கேட்டில் ரயில் பாலத்துக்குக் கீழே வாடகைக்கு எடுத்த ஒரு வளைவுக்குள் சொந்தமாக அடிப்பான். கைசுத்தம், வாய் குறைவு. லோகன் கொண்டுபோன பெட்ரோல் டாங்கியை இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வண்டியை முழுசாகக் கழற்றிக் கொண்டுவந்து தந்தால் எல்லாம் சேர்த்து நானூறுக்குச் செய்யலாம் என்றான். மற்ற இடங்களைப் பார்க்க அது இனாம் மாதிரி.

"கத்தரிப்பூ நிறம் எண்டாத் தனியக் கலந்து எடுக்கவேணும் அண்ணை. பெயின்டுக்கு மட்டும் இன்னொரு நூற்றிருபது வரும்."

லோகனின் முகம் சுருங்கியது. நூற்றிருபது பவுண்டு! ஒரு விளையாட்டு நிறத்துக்கு!

அன்றைக்குப் பார்த்து தர்மேந்திரன் வேறு போனில் வந்தான். சிங்கப்பூர்க்காரன், லோகனோடு படித்தவன், வீட்டில் மூன்று பழைய வண்டி வைத்திருப்பவன். "என்னடா கத்திரிப்பூ? மோட்டார் சைக்கிளா, கல்யாண மேடையாடா அது? ஒரிஜினல் பச்சையை அடிடா. அப்பத்தான் நாலு பேரு மதிப்பான். பின்னால வித்தாலும் காசு" என்றான். விற்றாலும் காசு! லோகனின் காதில் அது தேனாகப் பாய்ந்தது. வளைவின் மூலையில், தட்டில் இருந்த ஒரு பெரிய டின்மேல் அவன் கண் விழுந்தது. மூடியின் விளிம்பில் பச்சை வழிந்து காய்ந்திருந்தது. இருண்ட, மினுக்கமில்லாத பச்சை.

"அது என்ன தம்பி?"

"அதோ? அது உங்களுக்குச் சரிவராது. ஒரு வெள்ளைக்காரன் பழைய பட்டாள ஜீப் ஒண்டு வைச்சிருக்கிறான். அதுக்கு எடுத்தது. மிச்சம் கிடக்கு."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று லோகன் நினைத்தான். "இதையே அடிச்சா எவ்வளவு ஆகும்?"

நிசாந்தன் துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"பெயின்டுக்குக் காசில்லை. உரிக்கிற வேலையும் குறைவு, முந்நூறு எண்டு வையுங்கோவன். ஆனா உந்த நிறம் வேணுமோ அண்ணை?"

"ஏன், பழைய பெயின்டா?"

"பெயின்ட் நல்ல பெயின்ட்." பிறகு கேட்டான். "அக்கா எவடம்?"

"ஜாஃப்னாதான். உங்க பக்கம்தான்."

"எந்த ஆண்டு வந்தவ?"

"ரெண்டாயிரத்துப் பத்து. ஏன் கேக்கிறீங்க?"

நிசாந்தன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த ஊரில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. அங்கே நடந்ததை ஒருவரை ஒருவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். எவடம், எந்த ஆண்டு, இந்த இரண்டு கேள்விதான். பதில் வந்ததும் மிச்சமெல்லாம் விளங்கிவிடும். விளங்கிய பிறகு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். லோகனும் நாலு வருடமாக இந்த இரண்டு கேள்வியையும் கோவிலில், கல்யாண வீட்டில், கடையில் என்று நூறு தடவை காதால் கேட்டிருக்கிறான். சும்மா ஊர் விசாரிக்கிறார்கள் என்றுதான் இன்றுவரை நினைப்பு.

"அக்காவை ஒருக்காக் கேட்டுப்போட்டு அடிப்பமே" என்றான் நிசாந்தன்.

"சர்ப்ரைஸ் தம்பி. கேட்டா என்ன சர்ப்ரைஸ்?"

"அப்ப நான் ஒண்டு சொல்லுறன். கத்தரிப்பூவையே அடிச்சுத் தாறன். கூலியை முந்நூறாக் குறைக்கிறன். நீங்கள் பெயின்டுக்கு மட்டும் தாங்கோ. எனக்கு நட்டமில்லை."

இதைவிட வேறு எப்படிச் சொல்வான் அந்த மனிதன்? தன் கூலியில் நூறை விட்டுக்கொடுக்கிறான். ஒரு நிறத்துக்காக ஒரு பெயின்ட்காரன் ஏன் தன் கையைக் கடிக்கவேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். லோகன் யோசித்தான்தான், ஆனால் அவன் யோசனை போன பாதை வேறு. நிசாந்தனுக்குப் பெயின்ட் கடையில் கமிஷன் இருக்கும் என்று முடிவுகட்டினான். கஞ்சனுக்கு ஊரெல்லாம் தன்னைப் போலத்தான் தெரியும்.

"பச்சையே அடிங்க தம்பி. அதுதான் ஒரிஜினல். அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

"நீங்கள் சொன்னாச் சரி" என்றான் நிசாந்தன்.

வேலை முடிய ஐந்து வாரம் எடுத்தது. அந்த ஐந்து வாரமும் வீட்டில் கலாவதி புது ஆளாக இருந்தாள். கையுறை ஒரு ஜோடி வாங்கினாள். சல்வாருக்குள் காற்றுப் புகாமல் காலில் நாடா வைத்துத் தைத்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு கதிரைகளைக் கூடத்துக்கு இழுத்து ஒன்றின்பின் ஒன்றாகப் போட்டு, லோகனை முன்னால் உட்காரச் சொன்னாள்.

"இதென்ன கூத்து?"

"பழகவேணும். நீங்கள் வளைச்சா நானும் சரியவேணுமாம். யூடியூப்பில பாத்தனான். ஓடுங்கோ பாப்பம்."

லோகன் வாயால் டப் டப் என்று சத்தம் போட்டான். அவள் கை அவன் இடுப்பைப் பிடித்தது. முதலில் இறுக்கமாக, நகம் பதிகிற மாதிரி. அவன் இடது பக்கம் சரிந்தான், வலது பக்கம் சரிந்தான். மூன்றாவது வளைவில் கதிரை வழுக்கி இருவரும் சோபாவில் விழுந்தார்கள். கலாவதி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அடக்க முடியாமல் சிரித்தாள். லோகனுக்குத் தன் வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

"பூ நிறம் நல்லா வந்ததோ?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொன்னால் இந்தச் சிரிப்பு நின்றுவிடுமோ என்று பயந்தான். வண்டியை நேரில் பார்த்தால் அதன் அழகில் அவளுக்கு எல்லாம் மறந்துபோகும், கத்தரிப்பூவாவது ஒன்றாவது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

"நீயே பாரேன்" என்றான்.

சனிக்கிழமை விடிந்தது. கலாவதி தலைக்குக் குளித்துவிட்டுத் தயாராக இருப்பதாகச் சொன்னாள். லோகன் தனக்கு ஓவர்டைம் வேலை திடீரென்று வந்துவிட்டது, இரண்டு மணிநேரத்தில் திரும்பிவிடுவேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஃபொரஸ்ட் கேட்டுக்குப் போனான். போன வாரமே அங்கே உட்கார்ந்து கழற்றியதையெல்லாம் பூட்டி முடித்திருந்தான். வளைவு வாசலில் வண்டி நின்றது. குறை சொல்ல முடியாத வேலை. டாங்கி, மட்காட், சட்டம் எல்லாம் ஒரே இருண்ட பச்சை. எங்கும் ஒரு திட்டு, ஒரு வழிசல் இல்லை.

"கையெடுத்துக் கும்பிடணும் தம்பி" என்றான் லோகன்.

நிசாந்தனின் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணை, வீட்டுக்குக் கிட்டப் போனதும் என்ஜினை நிப்பாட்டிப்போட்டு உருட்டிக்கொண்டு போங்கோ. முதல் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ. கேட்டியளோ?"

"சரி, சரி" என்றான் லோகன். கேட்டால்தானே!

மே மாதமானாலும் காற்று குளிர்ந்தது. கறுப்பு ஹெல்மெட்டைப் போட்டு, கழுத்தில் கிடந்த கறுப்புக் கம்பளிக் குழாயை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக் கொண்டான். காய்கறிக் கடை வாசலில் ஒரு கிழவர் நின்று வண்டிக்குக் கட்டைவிரலைக் காட்டினார். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள். லோகனுக்குத் தலைகால் புரியவில்லை. முந்நூறு பவுண்டில் இந்த மரியாதை! தன் தெருவுக்குள் திரும்பி, தன் வீட்டு வாசலில், நடைபாதையோரம் வண்டியை நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை. அவள் அந்தச் சத்தத்தையும் கேட்கவேண்டும் அல்லவா? ஹாரனை இரண்டு தடவை அமுக்கினான். பிறகு குரலைக் கடுமையாக்கி, விளையாட்டாக, பெரிதாகக் கூப்பிட்டான்.

"யாரு வீட்டுல? வெளிய வா!"

ஜன்னல் திரை ஒரு விரற்கடை அசைந்தது. அசைந்து நின்றது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. லோகன் மறுபடி ஹாரனை அமுக்கினான்.

கதவு திறந்தது. கலாவதி வெளியே வந்தாள். தலை ஈரம், காலில் செருப்பில்லை. தைத்துவைத்த சல்வாரைத்தான் போட்டிருந்தாள். இரண்டு கையாலும் ஓர் அட்டையை நெஞ்சுக்கு நேரே, அவன் வாசிக்கிற மாதிரித் திருப்பிப் பிடித்திருந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் புள்ளி சேர்க்கிற அட்டை அது. அடையாள அட்டை என்று எண்ணி, கைப்பையில் கை வைத்ததும் அகப்பட்டதை எடுத்து வந்திருக்கிறாள்.

"அவர் வீட்டில இல்லை சேர்" என்றாள். "வேலைக்குப் போட்டார். வீட்டில நான் மட்டும்தான்."

விளையாடுகிறாள் என்று லோகன் ஒரு கணம் நினைத்தான். கம்பளிக்குள்ளிருந்து சிரித்துக்கூட விட்டான். "என்ன கலா இது?"

அவளுக்கு அது கேட்கவில்லை. என்ஜின் இரைந்துகொண்டிருந்தது. அவள் கண் அவன் முகத்தில் இல்லை. டாங்கியிலும் அவன் கையிலும் மாறிமாறி இருந்தது. "சத்தியமா இல்லை சேர். உள்ளுக்கு வந்து பாக்கிறதெண்டாப் பாருங்கோ" என்று உரத்துச் சொன்னாள். கதவுக்கு முன்னால் சரியாக நடுவில், ஆள் நுழைய இடமில்லாமல், நின்றுகொண்டே சொன்னாள்.

இது விளையாட்டில்லை என்று லோகனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹெல்மெட் வாரை அவிழ்த்தான். இழுத்துப் பிடுங்கி எறிந்தான். கம்பளியைக் கீழே இறக்கினான். வண்டியைவிட்டு இறங்கி, இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கிப் போனான்.

"நான்தான் கலா. கலா, நான்தான். பாரு, நான்தான்!"

அவள் பார்த்தாள். அந்த முகம் யாருடையது என்று பிடிபட அவளுக்கு எவ்வளவு நேரம் எடுத்ததோ, அவ்வளவு நேரமும் லோகன் கையைத் தூக்கியபடியே நின்றான். பிறகு அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அதை நிப்பாட்டுங்கோ."

ஓடிப்போய் என்ஜினை அணைத்தான். தெரு அமைதியானது. எதிர்வீட்டுப் பியற்றிஸ் குப்பைத் தொட்டியோடு வெளியே வந்தவள், இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். லோகன் படியில் உட்காரப் போனான். கலாவதி கையைக் காட்டித் தடுத்தாள். அவன் நடைபாதையிலேயே நின்றான்.

"அண்டைக்கும் ரெண்டு பைக்கிலதான் வந்தவங்கள்" என்றாள். குரலில் அழுகை இல்லை. "உந்த நிறம்தான். முகத்தைக் கறுப்பால கட்டிக்கொண்டு. வெளியில வா எண்டு கூப்பிட்டாங்கள். நான் போய் வாசலில நிண்டுகொண்டு, அவர் வீட்டில இல்லை எண்டு சொன்னனான்."



"அவர் வீட்டிலதான் நிண்டவர். குசினிக்குள்ள, கதவுக்குப் பின்னால. அவங்கள் நம்பிப்போட்டு பைக்கைத் திருப்பிட்டாங்கள். ஒருத்தன் மட்டும் திரும்பி வந்து, உள்ளுக்குப் போய்ப் பாத்து ஆள் இருந்தா முதல் உன்னைத்தான் எண்டு துவக்கை என்ர நெத்தியில வைச்சான். அது அவருக்குக் கேட்டிட்டுது. 'நான்தான், நான்தான்' எண்டு கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீங்கள் இப்ப வந்த மாதிரி. அப்பிடியே ஏத்திக்கொண்டு போட்டாங்கள்." கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். அது என்ன அட்டை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "ஒரு நிமிசம் பேசாம நிண்டிருந்தா அவங்கள் போயிருப்பாங்கள். என்னைச் சும்மா வெருட்டினவங்கள். எனக்குத் தெரியும், வெருட்டுத்தான்."

இதை நாலு வருடமாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். கதிரையில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் இவளேதான். லோகனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. நூற்றிருபது பவுண்டு, நூற்றிருபது பவுண்டு என்று காதுக்குள் இரைந்தது. நிசாந்தன் துடைத்த கையையே திரும்பத் துடைத்ததன் அர்த்தம் இப்போது விளங்கி என்ன பிரயோசனம்?

"நாளைக்கே உரிச்சிடறேன் கலா. எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல. நீ சொன்ன நிறத்தையே..."

"வேண்டாம்."

"மன்னிச்சிடு கலா. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நீ சொல்லியிருந்தா..."

கலாவதி எழுந்தாள். எழுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவன் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அவரை நான் வரச்சொல்லிக் கேக்கேல்லை. தானா வந்தவர்" என்றாள். "உங்களிட்ட நான் ஒரு நிறம் கேட்டனான்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்பக்கச் சங்கிலி விழுந்த சத்தம் கேட்டது. லோகனின் பையில் சாவி இருந்தது. அது அவன் வீடு, அவன் பெயரில் இருக்கிற வீடு. போன் எடுத்தான், உள்ளே மணி அடித்து ஓய்ந்தது. வண்டியைத் தெரு முனைவரை தள்ளிக்கொண்டு போய், கண்ணில் படாத இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான். பத்து மணி, பதினொரு மணி ஆயிற்று. கதவைத் தட்டக் கை பல தடவை போயிற்று. தட்டினால் அவள் மறுபடியும் அட்டையோடு வந்து நிற்பாளோ என்ற பயத்தில், அவன் தட்டவே இல்லை.